பல்வேரின் தொற்று உடல் முழுவதையும் பாதிக்குமா?

கோண்டாவிலைச் சேர்ந்த ஒருவர் தம் தாயாருக்காக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். தாயாருக்கு வயது 57. நெடுநாளாகச் சலரோகம் இருக்கிறது. சில மாதங்களாக மூட்டு நோவும் களைப்பும் இருப்பதால் எடுத்த இரத்தப் பரிசோதனைகளில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சீ.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு ஒவ்வொரு முறையும் லீற்றருக்கு 8 அல்லது 9 மில்லிகிராம் என்றே வருகிறது. மூட்டு வாதத்தைச் சுட்டும் வாதக் காரணி இரத்தத்தில் இல்லை, காய்ச்சலும் இல்லை. இதற்கிடையில், பல வருடங்களுக்கு முன்பு வேர்ச் சிகிச்சை (வேரின் உட்குழாயைக் கழுவி நிரப்புவது) செய்த இடப்பக்கக் கீழ்க் கொடுப்புப் பல்லின் வேர் நுனியில் கறுப்பு நிழல் ஒன்று தெரிவதாகப் பல் வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பல்லில் நோவே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவோ ஒரு காணொளியை அனுப்பி, வேர்ச் சிகிச்சை செய்த பல் வாய்க்குள் இருக்கும் பிணம் என்றும், அதன் நஞ்சே உடம்பெங்கும் பரவுகிறது என்றும், அவ்வாறு செய்த மூன்று பற்களையும் உடனே பிடுங்கிவிட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறாராம். அந்த நிழலுக்கும் சீ.ஆர்.பி.க்கும் தொடர்பு உண்டா, மூன்று பற்களையும் பிடுங்கலாமா என்பவையே கேள்விகள்.

நிழல் தெரியும் பல்லுக்குச் சிகிச்சை வேண்டும், அதை நோவில்லை என்று விட்டுவைக்கக் கூடாது. நிழல் இல்லாத மற்ற இரண்டு பற்களையும் தொடவேண்டியதில்லை. சீ.ஆர்.பி.யின் ஒரு பகுதிக்கு அந்தப் பல் காரணமாக இருக்கலாம். முழுவதற்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்டி மற்றத் தேடலை நிறுத்துவது தாயாருக்குத் தீங்காக முடியலாம். இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் சற்று விரிவானவை.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான இழையம் ஒன்று உண்டு. அதைப் பற்கூழ் என்பார்கள். சூத்தை ஆழமாகும்போதோ, பல் வெடிக்கும்போதோ, பழைய அடைப்பின் ஓரம் கசியும்போதோ வாயிலுள்ள பற்றீரியாக்கள் அங்கே இறங்குகின்றன. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்குவதற்கு இடமில்லாத பற்கூழ் நெரிபட்டு இறக்கிறது. அதன்பின் வேர்க் குழாய், இரத்த ஓட்டமே இல்லாத, காற்றும் அதிகம் புகாத, பற்றீரியாக்களுக்கு வாய்ப்பான ஓர் இடமாகிவிடுகிறது. இதற்குப் பற்றீரியாவே காரணம் என்பதை 1965இல் அமெரிக்காவில் ககேகாஷியும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளில் காட்டினார்கள்: பிறப்பிலிருந்தே கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோதும் அது இறக்கவில்லை, காயம் தானாக மூடிக்கொண்டது; சாதாரண எலிகளில் அதே காயம் பற்கூழை அழுகவைத்து வேர் நுனியில் சீழ்க்கட்டியை உண்டாக்கியது.

வேர் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகப் பற்றீரியாக்களும் அவை வெளியிடும் நச்சுப் பொருள்களும் தாடை எலும்பை எட்டும்போது உடல் அவற்றை அங்கேயே மறிக்கிறது. வெள்ளை அணுக்கள் திரள்கின்றன. அவை வெளியிடும் இரசாயனச் செய்திகள் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்ட, எலும்பு பின்வாங்கி அந்த இடத்தில் அழற்சி இழையம் நிரம்புகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் கறுப்பு, எலும்பு இல்லாத அந்த வெற்றிடமே. எலும்பின் கனிமத்தில் கணிசமான பங்கு கரைந்த பின்பே சாதாரண எக்ஸ்ரேயில் அது புலப்படும் என்பதால், நிழல் தெரியத் தொடங்கும் நாளுக்கு வெகு முன்பே தொற்று அங்கே குடியேறியிருக்கும். முப்பரிமாண ஸ்கேன் இதைவிட முன்கூட்டியே காட்டும். ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

நோவு இல்லாதது பலரை ஏமாற்றும் விடயம். பற்கூழ் இறந்தவுடன் அதன் நரம்பும் இறந்துவிடுகிறது. முன்பு இரவு முழுவதும் துடிக்கவைத்த பல் ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிடும். கராம்பு எண்ணெய் வைத்ததால் மாறியது என்றும், உப்புத் தண்ணீரால் மாறியது என்றும் சொல்லி நிம்மதியடைபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வேர் நுனியில் எதிர்ப்பும் தாக்குதலும் ஒன்றையொன்று சமப்படுத்திக்கொண்டு வருடக்கணக்காக எந்த நோவும் இல்லாமல் இருக்கக் கூடும். அந்தச் சமநிலை எப்போது குலையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சலரோகம் கட்டுப்பாட்டை மீறும்போதோ வேறு நோயால் உடல் தளரும்போதோ குலைவதற்கு வாய்ப்பு அதிகம்.

இனி உடல் முழுவதற்குமான தொடர்பைப் பார்ப்போம். வாயிலுள்ள தொற்று உடலின் மற்றப் பகுதிகளைச் சென்றடைவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பற்றீரியாக்கள் நேரடியாக இரத்தத்தில் கலப்பது. இது அபூர்வமான நிகழ்வு என்று நினைக்கவேண்டாம். 2008இல் அமெரிக்காவில் வெளியான லொக்கார்ட் குழுவினரின் ஆய்வில், சாதாரணமாகப் பல் தீட்டியவர்களில் 23 சதவீதத்தினரின் இரத்தத்திலும், அன்ரிபயோட்டிக் எடுக்காமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதத்தினரின் இரத்தத்திலும் வாய்ப் பற்றீரியாக்கள் காணப்பட்டன. ஆரோக்கியமானவர்களின் உடல் அவற்றைச் சிறிது நேரத்துக்குள் துப்புரவாக்கிவிடுகிறது. இருதய வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இருதய உட்படல அழற்சி வந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் அந்தச் சிறிது நேரமே ஆபத்தாகலாம். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்கள் நம்மிடையே இன்னும் இருப்பதால், அத்தகையவர்கள் பல் வைத்தியரிடம் வாயைத் திறக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வழி, பற்றீரியா இறந்தாலும் அழியாத அதன் உறைத் துணுக்குகள் இரத்தத்தில் சேர்வது. மூன்றாவது, வேர் நுனியில் திரண்ட அணுக்கள் வெளியிடும் செய்திப் பொருள்கள் அங்கேயே தங்காமல் இரத்தத்தின் வழியே பயணிப்பது. இந்த மூன்றாவது வழியே சீ.ஆர்.பி.யோடு நேரடியாகத் தொடர்புடையது.

சீ.ஆர்.பி. என்பது ஈரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் 1930இல் ரில்லெற்றும் பிரான்சிசும் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் அதைக் கண்டறிந்தார்கள். உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் அங்கிருந்து புறப்படும் இன்ரர்லூக்கின்-6 முதலிய செய்திப் பொருள்கள் ஈரலை எட்ட, ஈரல் அதைச் சுரக்கிறது. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 19 மணித்தியாலங்களே ஆகும். ஆகவே மாதக்கணக்காக அளவு கூடியே இருக்கிறதென்றால் மாதக்கணக்காகத் தூண்டுதல் ஒன்று ஓயாமல் இருக்கிறது என்பது உறுதி. எங்கே என்பதைத்தான் அது சொல்லாது. இருதய ஆபத்தைக் கணிக்கும் நுண்ணிய பரிசோதனையில் 1க்குக் கீழ் இருந்தால் குறைந்த ஆபத்து, 3க்கு மேல் இருந்தால் கூடிய ஆபத்து எனக் கொள்வார்கள். 10ஐத் தாண்டினால் அண்மையில் ஏதோ தொற்றோ காயமோ இருந்திருக்கலாம் என்று சில வாரம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். கடுமையான பற்றீரியாத் தொற்றுகளில் அது 100ஐயும் தாண்டும். உங்கள் தாயாரின் 8, 9 என்ற அளவு, மெதுவாகப் புகையும் ஓர் அழற்சியின் அளவு.

அந்த அளவை உண்டாக்கப் பல காரணங்களால் முடியும். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பே இன்ரர்லூக்கின்-6ஐச் சுரக்கக் கூடியது. கட்டுப்படாத சலரோகம், புகைத்தல், நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய், முரசு நோய், ஆறாத கால் புண், சிறுநீர்த் தொற்று, வாதக் காரணி இல்லாமலே வரும் சில மூட்டு வாதங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றோடு வேர் நுனித் தொற்றையும் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வேர் நுனி அழற்சி உள்ளவர்களின் இரத்தத்தில் சீ.ஆர்.பி., இன்ரர்லூக்கின்-6 ஆகியவை மற்றவர்களை விடக் கூடியிருப்பதை 2013இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோமெஸ் குழுவினர் காட்டினார்கள். ஆனால் அளவைப் பற்றிய நிதானம் வேண்டும். முரசு நோய் முற்றியவரின் பற்களைச் சுற்றி அழற்சியடைந்த பரப்பை ஒன்றாகச் சேர்த்தால் 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை வரலாம் என ஒரு கணிப்பு உண்டு. ஒரு பல்லின் வேர் நுனியில் உள்ள நிழலோ பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அகலமே. வெற்றிலையும் புகையிலையும் நெடுங்காலம் போட்டு முரசு தளர்ந்த ஒருவரிடம், ஒற்றைப் பல்லின் நிழலைக் குற்றவாளியாக்குவதற்கு முன் முரசைப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் கடிதத்தில் முரசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பல் வைத்தியரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் நம்மை நிதானப்படுத்தும். 2021இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்றின்படி வளர்ந்தவர்களில் 52 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு பல்லிலாவது வேர் நுனி அழற்சி இருக்கிறது. வேர்ச் சிகிச்சை செய்த பற்களை மட்டும் எடுத்தால் 39 சதவீதமானவற்றில் அது காணப்படுகிறது. பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்றை, மூட்டு நோவு உள்ள ஒருவரிடமும் கண்டதில் வியப்பில்லை. அதே சமயம் அந்த 39 சதவீதம் பெரியம்மாவின் கவலையில் ஓர் உண்மைத் துணுக்கு இருப்பதையும் ஒப்புக்கொள்ள வைக்கிறது: வேர்ச் சிகிச்சை செய்துவிட்டதாலேயே தொற்று ஒழிந்துவிட்டது என்று பொருளாகாது. குழாயொன்றைக் காணாமல் விட்டிருக்கலாம், கழுவியது போதாதிருந்திருக்கலாம், மேலே நல்ல மூடியோ உறையோ போடாததால் எச்சில் கசிந்து இறங்கியிருக்கலாம். அவ்வாறு தோல்வியடைந்த பல்லுக்கும், நன்றாக முடிந்து எலும்பு ஆறிய பல்லுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்தக் காணொளி மறைத்துவிடுகிறது.

எல்லாப் பல்லையும் பிடுங்கு என்ற யோசனை புதியதல்ல. அது ஒருமுறை உலகை ஆட்டிப்படைத்துத் தோற்றுப்போன யோசனை. பேர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் வைத்தியரான மில்லர் 1891இலேயே வாயைத் தொற்றின் குவிமையம் என்று எழுதினார். ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹன்ரர் 1910இல் மொன்ரியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அழுகிய வேர்களின் மேல் தங்க உறை போட்டு மூடும் பற்சிகிச்சையைக் கடுமையாகச் சாடினார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அக்காலத்தில் பலர் தொற்றைச் சுத்திகரிக்காமலே மேலே உறை போட்டார்கள். சிக்காகோ வைத்தியர் பில்லிங்ஸ் அதை, ஓரிடத்துத் தொற்றே உடலின் மற்ற இடங்களில் நோயை உண்டாக்குகிறது என்ற குவிமையத் தொற்றுக் கொள்கையாக விரித்தார். பல் வைத்தியர் வெஸ்ரன் பிறைஸ் 1923இல், பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்த பரிசோதனைகளைப் பெரிய நூலாக வெளியிட்டார். இன்று சுற்றிவரும் காணொளிகள் பெரும்பாலும் அவரிடமிருந்தே எடுக்கின்றன. அந்தப் பரிசோதனைகளில் ஒப்பீட்டுக் குழுக்கள் ஒழுங்காக அமையவில்லை, பற்கள் பிடுங்கும்போதே மாசடைந்தன, முயலின் உடலுக்கு மிஞ்சிய அளவில் பற்றீரியாக்கள் செலுத்தப்பட்டன என்பவை அப்போதே சொல்லப்பட்ட குறைகள்.

அதற்குள் இலட்சக்கணக்கான பற்கள் போய்விட்டன. நியூஜேர்சியின் ட்ரென்ரன் மனநல வைத்தியசாலையில் ஹென்றி கொற்றன் என்பவர் மனநோய்க்குக் காரணம் பல்லில் உள்ள தொற்றே என்று நம்பி நோயாளரின் பற்களைப் பிடுங்கியதோடு நில்லாமல், தொண்டைச் சதையையும் குடலின் பகுதிகளையும் அறுத்தெடுத்தார், பலர் இறந்தார்கள். முடிவில் கொள்கையைக் கவிழ்த்தவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் அதை நம்பிய வைத்தியரே என்பது எனக்குப் பிடித்த பகுதி. 1938இல், அவ்வாறு நம்பியிருந்த சிசிலும் அவருடன் அஞ்சவைனும் 200 முடக்குவாத நோயாளரை ஆராய்ந்து, பல்லையோ தொண்டைச் சதையையோ எடுத்ததால் மூட்டு வாதம் குறையவில்லை என்று எழுதினார்கள். மூட்டு நோவுக்காக ஆரோக்கியமான இரண்டு பற்களைப் பிடுங்கவேண்டும் என்று இன்று சொல்பவர்கள் அந்த 200 பேரைத் தாண்டிச் செல்லவேண்டும்.

பிறகு ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் அடங்கியிருந்த கேள்வி 1989இல் பின்லாந்திலிருந்து வேறு வடிவில் திரும்பியது. மத்திலாவும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்டு, மாரடைப்பு வந்தவர்களின் வாய் நிலை மோசமாக இருப்பதைக் கண்டார்கள். 2013இல் அதே நாட்டில், மாரடைப்பு வந்த 101 பேரின் இருதயக் குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த இரத்தக் கட்டிகளைச் சோதித்தபோது அவற்றில் 78 சதவீதமானவற்றில் வாய்ப் பற்றீரியாக்களின் மரபணுச் சுவடு இருந்தது. இது என்னை நிமிர்ந்து உட்காரச் செய்த ஆய்வு. ஆனாலும் கட்டியில் சுவடு இருப்பதால் கட்டியை உண்டாக்கியதும் அதுவே என்று ஆகாது. இரத்தத்தில் அடிக்கடி வந்துபோகும் பற்றீரியா ஏற்கெனவே கரடுமுரடான இடத்தில் ஒட்டியிருக்கவும் கூடும். புகைப்பவருக்குப் பல்லும் கெடுகிறது, இருதயமும் கெடுகிறது, வறுமையும் அப்படியே. இந்தப் பொதுக் காரணங்களை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால்தான், முரசு நோயைப் பற்றி அமெரிக்க இருதயச் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை தொடர்பு உண்டு என்றும், காரணம் என்று நிறுவப்படவில்லை என்றும் கவனமாகச் சொன்னது.

அழற்சி தன்னளவிலேயே இருதயத்தைப் பாதிக்கிறது என்பதில் இப்போது ஐயம் குறைந்துவிட்டது. கொலஸ்ட்ரோலைத் தொடாமல் இன்ரர்லூக்கின்-1ஐ மட்டும் தடுக்கும் மருந்தை 10,061 பேரில் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு முதலிய நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. அதே மருந்து எடுத்தவர்களிடையே உயிர்போக்கும் தொற்றுகள் கூடின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அழற்சியை மருந்தால் அமுக்குவதை விட, அதன் ஊற்று எங்கே என்று தெரியும்போது அந்த ஊற்றை அடைப்பதே அறிவுடைமை என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை இருதயத்தை விடவும் சலரோகமே உடனடியாகப் பேசவேண்டியது. இங்கே போக்குவரத்து இருபக்கமும் நடக்கிறது. இரத்தத்தில் சீனி கூடியிருக்கும்போது வெள்ளை அணுக்களின் வேலை மந்தமாகி, வேர் நுனிப் புண் ஆறுவது தாமதமாகிறது. ஓயாத அழற்சியோ இன்சுலினுக்கு உடல் இணங்குவதைக் குறைத்துச் சீனியைக் கூட்டுகிறது. முரசு நோயில் இது நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது: 2018இல் லண்டனில் சலரோகமும் கடும் முரசு நோயும் உள்ள 264 பேரில் நடந்த ஆய்வில், தீவிர முரசுச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு) ஓராண்டு முடிவில் மற்றவர்களை விட 0.6 சதவீதம் குறைவாக இருந்தது. சீனிக் குளிசை ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் கிடைக்கும் பயனுக்கு இது கிட்டத்தட்ட ஈடு. வேர்ச் சிகிச்சையைப் பற்றி 2025இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு, 65 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, வெற்றிகரமான சிகிச்சைக்குப் பின் இரத்தச் சீனியும் சில கொழுப்புகளும் நல்ல திசையில் மாறியதைக் கண்டது. 65 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நம்பிக்கை தருகிறது, முடிவு கட்டப் போதாது. பிளேன்ரீயோடு பனங்கட்டியைக் கடிக்கும் பழக்கம் தாயாருக்கு இருந்தால், அது பல்லுக்கும் சீனிக்கும் ஒரே நேரத்தில் தீங்கு செய்வது. பனங்கட்டி சலரோகத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் சாகவில்லை.

அன்ரிபயோட்டிக் பற்றியும் சொல்லவேண்டும். பல் நோவென்றால் பார்மசியில் அமொக்சிசிலினும் மெற்றோனிடசோலும் வாங்கி மூன்று நாள் போட்டுவிட்டு நிறுத்துவது இங்கே சாதாரணம். இறந்த வேர்க் குழாய்க்குள் இரத்தமே போவதில்லை. இரத்தத்தோடு வரும் மருந்து எப்படிப் போகும்? கள்ளன் பூட்டிய வீட்டுக்குள் இருக்க, ஒழுங்கையில் ரோந்து போவதைப் போன்றது அது. வீக்கம் சிறிது வற்றும், ஊற்று அப்படியே இருக்கும். அமெரிக்கப் பற்சிகிச்சைச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும், பல்லுக்கு நேரடிச் சிகிச்சை கிடைக்கக்கூடிய இடத்தில், பற்கூழ் மற்றும் வேர் நுனி நோவுகளுக்கு அன்ரிபயோட்டிக் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருக்கும்போது அது அவசியம்.

அந்தப் பரவும் வீக்கத்தைப் பற்றி மட்டும் எந்த விவாதமும் இல்லை. பல்வேரின் தொற்று உடலைக் கொல்லக் கூடும் என்பதற்கு அதுவே நேரடிச் சான்று. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நாக்கின் அடித்தசைக்கு மிக அருகே முடிவதால், அங்கிருந்து இறங்கும் சீழ் தாடையின் கீழும் நாக்கின் கீழும் இரு பக்கமும் பரவி மூச்சுக் குழாயை நெரிக்கலாம். ஜேர்மனிய வைத்தியர் லுட்விக் 1836இல் விவரித்ததால் அவருடைய பெயராலேயே அந்த நோயை அழைக்கிறார்கள். மேற்பல்லின் தொற்று கண்ணுக்குப் பின்னால் உள்ள இரத்தக் குழியை எட்டுவதும், மூளையில் சீழ் கட்டுவதும் அபூர்வமாக நடப்பவை. தாடையின் கீழ் கல்லுப்போல் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சிலையே விழுங்க முடியாமல் வடிதல், நாக்கு மேலே தூக்கப்படுதல், குரல் மாறுதல், கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்சை அழைத்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சலரோகம் உள்ளவரில் இந்த நோய் மணித்தியாலக் கணக்கில் முற்றும்.

இனிச் செய்யவேண்டியவை. நிழல் உள்ள பல்லுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய நிரப்பலை எடுத்து, குழாய்களை மீண்டும் கழுவி நிரப்புவது, முரசைத் திறந்து வேரின் நுனியை வெட்டி அடைப்பது, பிடுங்குவது. பல்லின் மேற்பகுதி உறுதியாக இருந்து, வேரில் வெடிப்பு இல்லாவிட்டால் முதலாவதையே நான் விரும்புவேன். கவனமாகச் செய்தால் ஐந்தில் நான்கு பற்கள் ஆறுகின்றன. பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்புக் கட்டி எச்சில் உள்ளே போகாமல் செய்கிறார்களா, முடிந்தபின் உறை போடுவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதற் சிகிச்சை தோற்றதற்கு இவ்விரண்டில் ஒன்று தவறியது காரணமாக இருக்கலாம். பல் மிகவும் உடைந்திருந்தால், செலவும் வரவேண்டிய தடவைகளும் குடும்பத்துக்குக் கட்டாவிட்டால், பிடுங்குவதும் முழுமையான சிகிச்சையே; அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மின்சாரமும் மருந்தும் இல்லாத 1990களில் இங்கே பிடுங்குவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. தொற்றுள்ள பல்லை வாயில் வைத்துக்கொண்டு தீர்மானமின்றி வருடங்களைக் கடத்துவதே இவற்றுள் மோசமான தெரிவு.

எந்த வழியானாலும் கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். அஸ்பிரின், குளோபிடோகிறல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தவேண்டாம். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேற் போன்ற மருந்து எடுப்பவர் என்றால் பிடுங்கியபின் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்துச் சிறிதளவு உண்டு, அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். காலையுணவையும் சீனி மருந்தையும் வழமைபோல் எடுத்துக்கொண்டு காலை நேரத்திலேயே போவது நல்லது.

மூட்டு நோவுக்கும் களைப்புக்கும் பொது வைத்தியரைத் தொடர்ந்து பார்க்கவேண்டும். இரத்தச் சோகை, தைரொயிட், சிறுநீரகம், வாதக் காரணி காட்டாத மூட்டு வாதங்கள் ஆகியவற்றைப் பல்லின் பெயரால் தள்ளிப்போட வேண்டாம். பல்லின் சிகிச்சை முடிந்தவுடனே சீ.ஆர்.பி. எடுத்தால் சிகிச்சையின் காயத்தாலேயே அது உயர்ந்து காட்டலாம். மூன்று மாதம் கழித்து, தடிமனோ காய்ச்சலோ இல்லாத நாளில், அதே ஆய்வுகூடத்தில், எச்பிஏ1சியோடு சேர்த்து எடுங்கள். 9 என்பது 5 ஆனால் பல்லுக்கு அதில் பங்கிருந்திருக்கலாம். மாறாமலே இருந்தால் பல்லுக்குச் செய்த சிகிச்சை வீணானது என்று எண்ணவேண்டாம், தேடல் வேறிடத்தில் தொடரவேண்டும் என்பதே அதன் பொருள். எலும்பு மீண்டும் நிரம்பியதா என்பதைக் காட்டும் எக்ஸ்ரேயை ஓராண்டில் எடுப்பார்கள். நிழல் சிறுத்தும் முழுதாக மறையாமலும் இருந்தால் நான்கு ஆண்டுகள் வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த எக்ஸ்ரே எடுக்கும்போது மற்ற இரண்டு பற்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அவற்றின் வேர் நுனிகளில் எலும்பு நிறைந்திருந்தால், அந்தப் படத்தையே ரொறன்ரோவுக்கு அனுப்பிவிடலாம்.